வால்வு மாற்ற ஒரு கையெழுத்து

வூச், போலந்து, செப்டம்பர் 24

"அன்புள்ள" என்று தொடங்க இன்று கை வரவில்லை. வணக்கம்.

படுக்கையறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் வால்வு ஒழுகுகிறது என்று கோடையிலேயே சொன்னேன். "கிறிஸ்துமஸுக்கு நார்வேலேருந்து வரும்போது நானே பாத்துக்கறேன்" என்றீர்கள். அக்டோபரில் குளிருக்காகக் குழாய்களில் வெந்நீர் விட்டுவிட்டால், வால்வு மாற்றுவதற்காக அதை வடிக்கமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அதனால் குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனேன். மேலிருந்து கீழ்வரை ஒன்பது வீடுகளுக்கும் ஒரே குழாய். அதை வடிக்க உரிமையாளரின் கையெழுத்து வேண்டுமாம். வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. நீங்கள் வெளிநாட்டில் இருப்பதாகச் சொன்னேன்.

எழுத்தர் ஹலீனா சிரித்தாள். "என்ன மேடம், போன வாரம்தானே வந்தாரு? வீட்டை விக்கறதுக்குச் சான்றிதழ் வாங்கிட்டுப் போனாரே. உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னார்" என்றேன். அங்கிருந்து நம் வீடு மூன்று நிமிட நடை.

படிவத்தில் உங்கள் கையெழுத்தை நானே போட்டேன். ஹலீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் குழாய்க்காரர் ஸெனோன் வால்வை மாற்றிவிட்டு, "இனி இருபது வருஷத்துக்குக் கவலையில்ல மேடம்" என்றார்.

வீடு வாங்க வருபவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: அங்கே ஒருத்தி குடியிருக்கிறாள், அவள் காலி செய்யப்போவதில்லை.

சட்டப்படி இன்னும்
உங்கள் மனைவி