ஒற்றைக் காதுக்கு ஒரு மோனோ

6.8.2024, செவ்வாய்

எங்கள் சபைப் பாடகர் குழுவின் ஈஸ்டர் பதிவைப் போட்டேன். பெண்கள் எல்லாரும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பாடுகிறார்கள். ஸ்டீரியோ அல்லவா – ஆண்கள் வலது பெட்டி, பெண்கள் இடது பெட்டி, இரணியல் சர்ச்சில் உட்காருவது போலவே. என் இடக்காது செத்து மூன்று வாரம்.

குளத்துத் தண்ணீர் ஏறியிருக்கும் என்று பத்து நாள் பூண்டு எண்ணெய் விட்டேன். நாகர்கோவில் டாக்டர், முதல் நாளே வந்திருந்தால் ஏதாவது பார்த்திருக்கலாம் என்றார். வலக்காதில் கனத்த சத்தங்கள் குறைவதுபோல் தோன்றினால் அன்றைக்கே வரவேண்டும் என்றும் சொன்னார்.

மனைவி ராஜபாயிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரி. ஊர் வம்பைக் கேட்டுத்தான் சபைப் பத்திரிகையில் சிரிப்புத் துணுக்கு எழுதுகிறேன். அந்த ஆளுக்கே பாதிக் கடை அடைப்பு என்றால் ஊர் விடுமா?

10.8.2024, சனி

நானே கட்டிய வால்வு ஆம்ப்ளிஃபையரை மோனோ ஆக்கினேன். இரண்டு பக்கத்து ஒலியையும் உள்ளே வரும் இடத்திலேயே ஒன்றாகச் சேர்த்து, அதையே இரண்டு பாதிக்கும் கொடுத்தேன். இரண்டு பெட்டிகளையும் என் வலப்புறம் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன்.

"இதென்ன, பெட்டிக்கு மேல பெட்டி?" என்றாள் ராஜபாய். தூசு அடையாது என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தாள்.

சாயங்காலம் போட்டேன். பெண்கள் வந்துவிட்டார்கள், இஸ்ரவேல் அண்ணனைக் காணோம். அந்த மனுஷன் பாடினால் பெஞ்சு அதிரும். கனத்த சத்தம் என்றால் அவர்தான்.

டாக்டர் சொன்னது இதைத்தானே?

11.8.2024, ஞாயிறு

காய்ச்சல் என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டேன். சர்ச்சுக்குப் போனால் இஸ்ரவேல் அண்ணன் நேரில் பாடுவார். நேரிலும் கேட்காவிட்டால்?

12.8.2024, திங்கள்

அன்றைக்கே வரச் சொன்னார். இது மூன்றாம் நாள். போகப் பயமாக இருக்கிறது. இந்தத் தடவை பூண்டு எண்ணெயைச் சாக்குச் சொல்லவும் முடியாது.

13.8.2024, செவ்வாய்

தாங்கமுடியாமல் ராஜபாயைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். விஷயத்தைச் சொல்லாமல், பாட்டு எப்படி என்று மட்டும் கேட்பதாகத் திட்டம்.

கொஞ்ச நேரம் கேட்டாள். "இஸ்ரவேல் அண்ணனுக்க சத்தத்தக் காணல்லியே?"

"உனக்கும் கேக்கல்லியா?"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அந்த 'உம்' எனக்கே உறைத்தது. அவள் பாட்டை நிறுத்தினாள்.

"எனக்கும்னா? வேற யாருக்குக் கேக்கல்ல?"

சொன்னேன். எல்லாவற்றையும். பூண்டு எண்ணெய் உட்பட.

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நான் கூப்பிட்டும் திரும்பிப் பாக்காம இருந்தியளே, அது இதுக்கா? என்னட்ட மிண்டப் பிடிக்கல்லன்னுல்லா நெனச்சேன்."

நான்கு வாரம். பக்கத்தில் நின்று பேசிப் பேசி, இந்த ஆளுக்கு என்னோடு பேசவே அலுத்துவிட்டது என்று நினைத்திருக்கிறாள். நானோ ஊர் கேலிக்குப் பயந்துகொண்டிருந்தேன். ச்சீ.

அவளுக்கும் கேட்கவில்லை என்றால் கோளாறு செட்டில்தான். இடது பெட்டியின் இரண்டு ஒயரையும் மாற்றிப் பூட்டினேன். இஸ்ரவேல் அண்ணன் அலமாரி அதிர வந்தார். இடது பாதியின் டிரான்ஸ்ஃபார்மரைப் பதினோரு வருஷம் முன்பு தக்கலையில் திரும்பச் சுற்றி வாங்கியதில் ஒயர் தலைகீழாகியிருக்கிறது. ஒரு பெட்டி முன்னே தள்ள, மற்றது பின்னே இழுக்க, கனத்த சத்தமெல்லாம் நடுவில் செத்திருக்கிறது. தனித்தனியே நின்றபோது இது தெரியவில்லை. 'சத்தம் எங்கிருந்து வருதுன்னே தெரியாது' என்று வருகிறவர்களிடமெல்லாம் இத்தனை வருஷம் பெருமையடித்தது இந்தத் தப்பைத்தான்.

சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. நாளைக்குக் காலை ஏழு மணி பஸ் என்றாள்.

14.8.2024, புதன்

நாகர்கோவில். வலக்காது நன்றாக இருக்கிறது. இடது வராது. இரண்டையும் டாக்டர் வாயாலேயே ராஜபாய் கேட்டுக்கொண்டாள். போகும்போதும் வரும்போதும் என் கையை விடவில்லை.

18.8.2024, ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் நின்றேன். அல்போன்ஸ் வந்தான், என்னைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்று பேசினான். செல்லத்தாய் அக்காளும் அப்படியே. போதகரும்கூட, அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி என்னைச் சுற்றி வந்தார். ஒருவர்கூடக் காதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் ஒருவரிடமும் சொல்லவும் இல்லை.

பெண்கள் பக்கத்து வாசலில் ராஜபாய் பாட்டுப்புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.