கத்திரிக்காய்க்கும் ஒரு குத்து

14.8.1993, சனி, இரும்புலியூர்

எது ஒத்துக்கொள்ளாமல் அரிக்கிறது என்று பார்க்க, தாம்பரம் டாக்டர் என் ஏழு மாதக் குழந்தையின் முதுகில் பேனாவால் கோடு போட்டார். பால், முட்டை, மீன் என்று கோட்டுக்கு ஒரு சொட்டு மருந்து வைத்து, ஊசி முனையால் லேசாகக் குத்தினார்.

நான் பையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து நீட்டினேன்.

"இதையும் பாத்துடுங்க டாக்டர். இத சாப்ட்டுட்டு நான் பால் குடுக்கறதாலதான் புள்ளைக்கு அரிப்புன்னு பெரிய நாத்தனார் சொல்றாங்க. நாலு மாசமா தொடல."

என் வீட்டுக்காரர் வெட்கப்பட்டுச் சுவரைப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவில்லை. ஊசியைக் காயில் குத்தி, பிறகு முதுகில் குத்தினார். கால் மணி நேரம் காத்திருந்தோம். நாங்கள் தின்பவற்றில் முட்டைக்கு மட்டும் கொசுக்கடி போலத் தடித்தது.

"கத்திரிக்கா மேல தப்பில்லம்மா."

முட்டையை எத்தனை நாள் நிறுத்துவது என்று கேட்க மறந்துவிட்டேன்.

அந்தக் காயை எறிய மனம் வரவில்லை. இன்னும் நாலைச் சேர்த்துக் காம்போடு எண்ணெய்க் கத்திரிக்காய் செய்தேன். வாசனைக்கு நாத்தனாரே வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு வைம்மா."

குத்து வாங்கிய காய்க்குக் காம்பு கோணல்; பார்த்தாலே எனக்குத் தெரியும். அதைத்தான் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றார்.