டெஸ் அழுதபோது நான் எங்கே இருந்தேன்

வெஸ்லி,

பயப்படாதே, கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. பக்கத்து வீட்டு லோர்னா டெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறார். வாசல் பனியை அள்ளிவிட்டு அவரை வீட்டுக்கு அனுப்பு, அவருக்கு இடுப்பு வலி. பாப்பாவின் பால் புட்டி ஃபிரிட்ஜில் மேல்தட்டில் இருக்கிறது. வெந்நீரில் வைத்துச் சூடாக்கு, மைக்ரோவேவ் வேண்டாம். உனக்குச் சூப் அடுப்பில்.

காலையில், "எல்லா அம்மாவும் செய்றதுதானே, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டாய். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். நேற்று டெஸ் வீறிட்டு அழுதபோது, நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்தேன்.

நீ கிளம்பியதும் லோர்னாவிடம் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "எம்புள்ளைங்க அழுதா நான் காருக்குள்ள போய் உக்காந்து ரேடியோவச் சத்தமா வெச்சுக்குவேன்டி. மூணு பெத்தவ நான். புள்ளைய எங்கிட்ட குடுத்துட்டு நீ கெளம்பு" என்றார்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் புதிதாகப் பிள்ளை பெற்றவர்கள் வாராவாரம் கூடிப் பேசுகிறார்களாம். அங்கேதான் போகிறேன். நாளைக்கு டாக்டரிடமும் போக வேண்டும். நீயும் வா, வெளியே காத்திருக்காமல் உள்ளே வந்து உட்கார்.

உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

பிரென்னா

இன்னொன்று, இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: டெஸ் அழுது உன்னால் சமாளிக்க முடியாவிட்டால் உடனே ஃபோன் பண்ணு. வெட்கப்படாதே. இனிமேல் நானும் பண்ணுவேன்.