குழுப் படத்தில் விடுபட்டவன்

மார்ச் 4

நீரேற்று நிலையத்துக்குப் போய் வந்தேன். அது திறந்து நாற்பது வருடம் ஆகிறதாம். திறந்த அன்று எடுத்த குழுப் படத்தைப் பெரிதாக்கி வாசல் கூடத்தில் மாட்டப்போகிறார்கள். முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். நான் இல்லை. எப்படி இருப்பேன்? மோட்டார் ஓடும்போது அறையைக் காலியாக விடக்கூடாது என்பது விதி. மற்றவர்கள் வெளியே வரிசையாக நின்று பல்லைக் காட்டியபோது நான் உள்ளே இருந்தேன். விதியை மதித்தவனுக்குச் சுவரில் இடமில்லை.

இப்போதிருக்கும் பொறியாளர் அம்மாவிடம் சொன்னேன். நல்ல மாதிரி, முழுவதும் கேட்டார். "அந்த வயசுல நீங்க நிக்கிற மாதிரி ஒரு முழுப்படம் குடுங்க சார். பின்னணி இல்லாம இருக்கணும். வரிசைக் கடைசியில சேத்துடறோம். இருபதாம் தேதி அச்சுக்குப் போகுது" என்றார்.

பக்கத்தில் எங்கள் பழைய ஃபோர்மேன் உட்கார்ந்திருந்தார். "அன்னிக்கு அங்க இல்லாத ஆள எப்படிம்மா சேக்கறது?" என்று அவரிடம் கேட்டுச் சிரித்தார்.

இல்லாத ஆளா? படத்தில் இவர்களுக்குப் பின்னால் குழாயில் தண்ணீர் கொட்டுகிறதே, அது யார் ஓட்டிய மோட்டார்?

மார்ச் 5

அந்த வயதில் நான் நிற்கிற முழுப்படம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை, பக்கத்தில் தம்பி.

என் மனைவியின் போனில் ஒரு தட்டுத் தட்டினால் பின்னணி போய்விடுமாம். தட்டினாள். பின்னணியோடு என் இடது காதும் போய்விட்டது. "ஒரு காது மிச்சம் இருக்கில்ல, அதுலயாவது நான் சொல்றத கேளுங்க. ஸ்டூடியோவுக்குப் போங்க" என்கிறாள்.

மாட்டேன். ஸ்டூடியோக்காரன் போன தடவை என் மருவை அழித்துக் கொடுத்தவன். என்னை நானே வெட்டிக்கொள்கிறேன். மகள் விட்டுவிட்டுப் போன மடிக்கணினியில் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கியிருக்கிறேன்.

மார்ச் 8

நிறத்தைத் தொட்டால் அந்த நிறம் உள்ள இடமெல்லாம் தேர்வாகிவிடும் என்று விளக்கப் பக்கத்தில் போட்டிருந்தது. சுவரைத் தொட்டேன், அழித்தேன். சுவர் போனது. சட்டையும் போனது. பல்லும் கண்ணில் இருந்த வெள்ளையும் போயின. தலையும் கால்சட்டையும் தனித்தனியாக நிற்கின்றன, நடுவில் கட்டம் கட்டமாக ஏதோ. கட்டம் தெரிகிற இடம் ஒன்றுமே இல்லாத இடமாம்.

இவள் எட்டிப் பார்த்துவிட்டு, ஸ்டூடியோ முகவரிச் சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அதில்தான் கோபம் வந்தது.

கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினேன். எல்லாம் திரும்பி வந்தது, பல் உட்பட. அப்பாடா. வாழ்க்கையில் இப்படி ஒரு பொத்தான் — சரி, அது எதற்கு இப்போது.

மார்ச் 9

நாள் முழுக்க வெட்டிச் சேமித்தேன். திறந்தால் சுவர் திரும்ப வெள்ளையாக நிற்கிறது.

மார்ச் 11

காரணம் தெரிந்துவிட்டது. ஜேபெக்காகச் சேமித்தால் ஒன்றுமில்லாத இடத்தில் அது வெள்ளையை ஊற்றிவிடும். பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும். நானே கண்டுபிடித்தேன். யாரையும் கேட்கவில்லை.

இன்று நிறத்தை நம்பாமல் ஓரம் ஓரமாகப் புள்ளி வைத்துக்கொண்டே போனேன். காது தப்பித்தது. சட்டையும் தப்பித்தது. தம்பியை மொத்தமாக வெட்டி எறிந்தேன். ஆனால் அவன் கை என் தோளில் கிடக்கிறது. மணிக்கட்டோடு, வாட்ச்சோடு.

அதையும் அழித்தேன். தோளும் சேர்ந்து போய்விட்டது. கையை எடுத்தால் கீழே தோள் இருக்கும் என்று எப்படி நினைத்தேன்? அங்கே கட்டம்தான் இருக்கிறது.

மார்ச் 13

இடது தோளை நகல் எடுத்துத் திருப்பி வலது பக்கம் ஒட்டினேன். இப்போது சட்டையில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பை. இவள் என்னை "கண்டக்டர்" என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறாள்.

மார்ச் 15

இன்று இவள் அதைச் சொல்லியே விட்டாள். "ஏங்க, இந்தப் படம் எடுத்த அன்னைக்கே உங்கள மட்டும் தனியா ஒரு படம் எடுத்தாரே உங்க தம்பி. அது அவர்கிட்டதானே இருக்கு?"

தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரிந்து என்ன? தன் மகள் கல்யாணத்துக்கு என்னைக் கேட்காமல் நாள் குறித்தவன் அவன். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தான். மூத்தவன்னு ஒருத்தன் இருக்கேன்ல? மொதல்ல எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்? நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதிலிருந்து பேச்சும் இல்லை. நான் செய்தது சரி. இன்றைக்கும் சரி.

மார்ச் 17

இன்னும் மூன்று நாள். தம்பி கையோடோ இரண்டு பையோடோ கொடுத்தால் ஃபோர்மேன் சும்மா இருப்பாரா? கொடுக்காவிட்டால் சுவரில் நான் இல்லை.

இவள் என் தம்பியின் எண்ணைப் போட்டு போனை என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எடுத்தான். எனக்கு ஒரு படம் வேண்டும் என்றேன். எந்தப் படம் என்று அவன் கேட்கவே இல்லை. "வெள்ளைச் சுவரா அண்ணே?" என்றான்.

சாயங்காலம் அந்தப் படத்தைப் போனிலேயே படம் பிடித்து அனுப்பினான். விளக்கு வெளிச்சம் சரியாக என் மூக்கின்மேல் விழுந்திருக்கிறது. ஒரு படத்தை நேராக எடுக்கத் தெரியாதா என்று எழுதி அனுப்பினேன்.

மார்ச் 18

காலையில் படத்தோடு வாசலில் நிற்கிறான். முடி கொட்டிவிட்டது. வா என்றேன்.

ஸ்கேன் செய்து, புள்ளி வைத்து முடிக்க மதியம் ஆனது. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கல்யாணப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. "அண்ணே, கண்ணு இவ்ளோ கிட்ட வேணாம். கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றான் ஒரு தடவை. தள்ளி உட்கார்ந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போனான்.

மார்ச் 19

பொறியாளர் அம்மாவிடமிருந்து பதில் வந்தது: "கிடைத்தது சார். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது." நாலு தடவை படித்தேன். மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 2

படத்தை மாட்டிவிட்டார்கள். இவளும் நானும் போனோம். தம்பியும் வந்தான், எந்த நாள் என்று அவனிடம் இவள்தான் சொல்லியிருக்க வேண்டும். வரிசைக் கடைசியில், தண்ணீர் கொட்டும் குழாய்க்குப் பக்கத்தில் முழுசாக நிற்கிறேன். ஃபோர்மேன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "உயரம் சரியாத்தான் இருக்கு" என்றார். அவருக்கு அதுவே பெரிய வார்த்தை.

தம்பிதான் அதைப் பார்த்தான். தரையில் எல்லோருக்கும் நிழல் விழுந்திருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை. காதில் சொன்னான். நிழலை யார் கேட்டார்கள், ஆள் இருக்கிறேன் அல்லவா என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை.

பிறகு அவன் தன் போனில் சுவரைப் படம் எடுத்தான். இந்தத் தடவை நேராக எடுத்தான். யாருக்கு அனுப்பப்போகிறாய் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, மகளுக்கு என்றான்.

வலது கோடியில் நிற்பது பெரியப்பா என்று எழுதச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீட்டில்தான் இருப்போம் என்பதையும் எழுதச் சொன்னேன்.