ஏழாம் பத்தி

சென்னை,
12.3.2024

என் ப்ரியாவுக்கு,

உன் மலையில் சிக்னல் கிடைத்து நீ மெயில் பார்ப்பதற்குள் தபாலே வந்துவிடும். புளியமரத்திலிருந்து விழுந்த அப்பாவுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது? அவரைப் பார்த்துக்கொள்ள நீ வேலையை விட்டுப் போய் எட்டு மாதம். பக்கத்து நாற்காலியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

சந்தோஷமான சேதி! இணையப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் குழு நம் வரைவை ஏற்றுக்கொண்டது. போனைத் தொலைத்தவர் புதுப் போனில் தன் கணக்கைத் திறக்க, இனி உலகம் முழுக்க நாம் எழுதிய முறைதான். என்னையும் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். அச்சுப் பிரதி இத்துடன்.

உன் எழில்மதி

கல்வராயன்மலை,
2.4.2024

எழிலுக்கு,

அப்பா எழுந்து உட்காருகிறார். பிரதியை வாங்கி, "இதுல உன் பேரு எது கண்ணு, காட்டு" என்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என் பெயர் அதில் இல்லை; உன் பெயர்மேல் விரல் வைத்துக் காட்டினேன். அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

வேலையை விட்டவள் பெயரைப் போடக்கூடாதா? என் ஏழாம் பத்தியும் இல்லை. பழைய போனுக்குத் தகவல் அனுப்பி ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்பதை ஏன் எடுத்தாய்? போன் தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லியே திருடன் சுலபமாகப் புகுந்துவிடுவான்டி.

ப்ரியா

சென்னை,
18.11.2024

அன்புள்ள ப்ரியா,

அப்போதே பதில் எழுதியிருக்க வேண்டும். கூசியது, எழுதவில்லை. உன் பெயரைக் கம்பெனிதான் எடுத்தது. நான் சண்டை போடவில்லை. ஒரு நாள் காத்திருக்க ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது என்றார்கள். பத்தியை நானே நீக்கினேன்.

நீ சொன்னதுதான் நடக்கிறது. கணக்குகள் திருடுபோகின்றன. குழு என்னிடம் விளக்கம் கேட்கிறது. அந்தப் பகுதியை நீதான் எழுதினாய், முதலிலிருந்தே அதில் ஏழாம் பத்தி இல்லை என்று ஒரு வரி எழுதித் தருவாயா? நீ இந்த வேலையிலேயே இல்லை; உனக்கு ஒன்றும் ஆகாது. எனக்கு எல்லாமே போய்விடும்டி.

எழில்

கல்வராயன்மலை,
30.11.2024

எழில்மதி அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட வரியை நான் எழுதவில்லை.

நேற்று பஸ் ஏறி, சிக்னல் கிடைக்கும் கச்சிராயபாளையம் போனேன். நம் முதல் வரைவை, ஏழாம் பத்தியும் தேதியும் இருந்தபடியே, குழுவுக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, "இன்னாம்மா, அழுதுகினு இருக்க?" என்று கேட்டார்கள்.

எழுதியவர்கள் என்ற இடத்தில் என் பெயரோடு உங்கள் பெயரையும் போட்டேன். இருவரும்தானே எழுதினோம். இனி எனக்கு எழுத வேண்டாம்.

மூ. தமிழ்ப்ரியா