துளசி என்று சொன்ன செடி

சேசு மரி சூசை துணை

ஒன்டாரியோ, கனடா
5 நவம்பர் 2023

அன்புள்ள ராணிக்கு,

இங்கே குளிர் தொடங்கிவிட்டது, மற்றபடி சுகம். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டையாகிவிடுகிறது, பெனிஷா முகம் வாடிப்போகிறது, இனி எழுதியே பேசுவோம் என்றாய். கட்டுப்பட்டேன். என் கையெழுத்தைப் படித்துத் தலை வலித்தால் நான் பொறுப்பில்லை.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பெரிய கண்ணாடிக் கூடாரத்துக்குள் மருந்துச் செடி வளர்க்கிறார்கள். நம்மூர்த் துளசி வகை என்று வைத்துக்கொள். பூ முற்றிவிட்டதா என்று பார்ப்பது என் பொறுப்பு. அதற்கு ஒரு கை மைக்ராஸ்கோப் கொடுத்திருக்கிறார்கள். பூவின் மேல் குட்டிக் குட்டியாக எண்ணெய்ச் சுரப்பிகள் நிற்கும். முதலில் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும், பிறகு பால் நிறமாகும், அப்புறம் தேன் நிறம். பெரும்பாலும் பாலாகி, அங்கங்கே தேன் தட்டும்போது அறுக்க வேண்டும். முந்தினால் வீரியம் இருக்காது, பிந்தினால் மருந்துக்கு ஆகாது. பக்கத்து இலையைப் பார்த்தால் ஏமாந்துபோவோம், அது முன்னாலேயே நிறம் மாறிவிடும். பூவைத்தான் பார்க்க வேண்டும்.

பார்த்துவிட்டு ஒவ்வொரு செடியிலும் சீட்டுக் கட்ட வேண்டும். ஒன்று ‘அறுக்கலாம்’, இல்லையென்றால் ‘ஆகவில்லை’. நான் ‘ஆகவில்லை’ என்று எழுதிய வரிசையை, லாரி வந்துவிட்டது என்று சூப்பர்வைசர் அறுக்கச் சொல்கிறான். பிறகு எனக்கு எதற்கு மைக்ராஸ்கோப்?

மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம் ஒன்று வைத்திருக்கிறேன். உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டு. நீயும் பெனிஷாவும் இங்கே வர விசா பேப்பரில் கையெழுத்துப் போட்டுச் சீக்கிரம் அனுப்பு.

அன்புடன்,
பெனடிக்ட்


ராயப்பன்பட்டி
10 பிப்ரவரி 2024

பெனிஷா அப்பாவுக்கு,

மேலே சேசு மரி சூசை என்று எழுதிவிட்டுக் கீழே பொய் எழுதுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். அதனால் நான் மேலே ஒன்றும் எழுதவில்லை.

நேற்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நீங்கள் அனுப்பிய படத்தைச் சின்னமனூரில் கொடுத்து, கதவு அளவுக்குப் பெரிதாக்கி, ‘துளசிப் பூவின் எண்ணெய்ச் சுரப்பிகள்’ என்று என் கையாலேயே எழுதி வாசலுக்கு நேரே மாட்டினேன். திறந்துவைக்க யார் வந்தார் தெரியுமா? போலீஸ் இன்ஸ்பெக்டர். போதை ஒழிப்பு விழிப்புணர்வுப் பேச்சும் அவருடையதுதான்.

அவர் வர அரைமணி நேரம் இருக்கும்போது, வாடகை மேசைகளை இறக்க ஒரு குட்டியானை வண்டி வந்தது. ஓட்டி வந்தது என் அண்ணன் ஆண்டனி ராஜ். ஒன்பது வருடமாக ஒரே ஊரில் இருந்துகொண்டு பேசாத அண்ணன். படத்துக்கு முன்னால் நின்றார், பார்த்தார், அதைக் கிழித்துச் சுருட்டினார். நான் ஓடிப் போய்க் கத்தினேன்.

“ஏ ஆத்தா, சத்தம் போடாத. இது துளசி இல்ல. ஓரத்துல இலை நுனி தெரியிது பாரு. இதுக்காகப் பதினாலு மாசம் உள்ள இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா? யாரு குடுத்தாக இத?”

 “மாப்ளயா?” என்று அவரே கேட்டார். பிறகு சுருட்டியதை வண்டிச் சீட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போய்விட்டார். போகிற வழியில் அவரைச் சோதனை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பி. சகாயராணி,
பட்டதாரி ஆசிரியை


ஒன்டாரியோ
2 மார்ச் 2024

அன்புள்ள ராணிக்கு,

பட்டதாரி ஆசிரியை அம்மா, முதலில் கோபத்தைக் கொஞ்சம் இறக்கி வை. இங்கே இது சட்டப்படி நடக்கிற தொழில். லைசென்ஸ் இருக்கிறது, கேமரா இருக்கிறது, உள்ளே போகும்போதும் வரும்போதும் சோதனை இருக்கிறது. புற்றுநோய்க்காரர்களுக்கு வலி குறைக்க மருந்தாகப் போகிறது. நான் யாரையும் கெடுக்கவில்லை.

துளசி என்று சொன்னது தப்புதான். ஆனால் எனக்கு வேறு வழி என்ன இருந்தது? கம்பம் பக்கம் என்று சொன்னாலே, கஞ்சாவா என்று வெளியூர்க்காரன் கண்ணடிக்கிறான். இதில் இந்த வேலை என்று தெரிந்தால் ஊர் வாயை யார் அடைப்பது? உங்கள் ஆட்களே கோயில் வாசலில் வைத்துப் பேசுவார்கள்.

உன் அண்ணன் செய்தது வேறு, நான் செய்வது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதே.

பேப்பர் என்ன ஆயிற்று?

பெனடிக்ட்


ராயப்பன்பட்டி
19 மார்ச் 2024

பெனிஷா அப்பாவுக்கு,

வேறுதான். ஒத்துக்கொள்கிறேன். செடியைப் பற்றி எனக்குச் சண்டையே இல்லை. நோயாளிக்கு மருந்து என்றால் நல்லதுதான். மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் செய்கிற வேலையென்று தலைநிமிர்ந்து சொல்லியிருந்தால் நானும் தலைநிமிர்ந்து கேட்டிருப்பேன்.

கோயில் வாசல் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வாசல் என்று நினைவிருக்கிறதா? பெனிஷாவின் ஞானஸ்நானத்தன்று, ஞானத்தகப்பனாக நிற்க வேண்டிய தாய்மாமன், ஜெயிலிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாத மனிதர், புதுச் சட்டை போட்டுப் பிள்ளையைக் கையில் வைத்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் பிள்ளையைப் பறித்து, “கஞ்சாக்காரன் கை எம்பிள்ள மேல படக்கூடாது” என்றீர்கள். அவர் வெறுங்கையோடு படியிறங்கிப் போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்த பாவம் என்னுடையது. அதை நான் யார் மேலும் போட மாட்டேன்.

இப்போது உங்கள் கையும் அதே செடியைத்தான் தொடுகிறது. அந்தக் கையில் வருகிற சம்பளத்தில்தான் பெனிஷா படிக்கிறாள்.

மே 12 ஞாயிறு அவளுக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள். வெள்ளைச் சட்டை எடுத்துத் தர வேண்டியது தாய்மாமன். அதற்கு முன்னால் அண்ணனுக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். எனக்கல்ல, அவருக்கு. பத்து வரி போதும். அதற்குப் பிறகு பேப்பரைப் பற்றிப் பேசலாம்.

சகாயராணி


ஒன்டாரியோ
8 ஏப்ரல் 2024

அன்புள்ள ராணிக்கு,

மூன்று தடவை உட்கார்ந்தேன், மூன்று தடவையும் கிழித்தேன். ‘அன்புள்ள மச்சானுக்கு’ என்பதைத் தாண்டவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதியதும், உள்ளுக்குள் ஏதோ ஒன்று, அவன் செய்தது மட்டும் சரியா என்று கேட்கிறது. கொஞ்சம் ஆறட்டும். எழுதத்தான் போகிறேன்.

இங்கேயும் நிம்மதி இல்லை. ஆறாவது வரிசைக்கு நான் பிடிவாதமாக ‘ஆகவில்லை’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் அறுக்கச் சொன்னான், நான் விடவில்லை. போன வாரம் மைக்ராஸ்கோப்பை வைத்தால் மொத்தமும் தேன் நிறம். பிந்திவிட்டது. வரிசையே வீண். எல்லோருக்கும் முன்னால் என்னை வைத்துக் கிழித்துவிட்டான். அவன் மேல் கோபமா என் மேல் கோபமா என்றே தெரியவில்லை.

எனக்கு இங்கே யாரும் இல்லை ராணி. சமைத்துத் தனியாகச் சாப்பிடுவது வெறுத்துவிட்டது. இந்த மாதம் முடிவதற்குள் பேப்பர் வந்தால் நல்லது. கையெழுத்துப் போட்டாயா? அதை மட்டும் சொல்.

பெனடிக்ட்


ராயப்பன்பட்டி
25 மே 2024

பெனிஷா அப்பாவுக்கு,

மே 10 வரை தபால்காரரை வழிமறித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கே என்னைப் பார்த்தால் பாவமாக இருந்தது. 11ஆம் தேதி நானே அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, “அண்ணே, நாளைக்கு வாங்க” என்றேன். “மாப்ள வரச் சொல்லி எழுதுனாகளா?” என்று கேட்டார். இல்லை என்றேன். வெகுநேரம் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு தேனிக்குப் போய் வெள்ளைச் சட்டை எடுத்து வந்தவர், மறுநாள் காலை எங்களுக்கு முன்னாலேயே கோயிலில் இருந்தார்.

அதே வாசல். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பெனிஷாவுக்கு அதெல்லாம் என்ன தெரியும்? முக்காட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, எரிகிற மெழுகுதிரியை அவரிடம் நீட்டி, “மாமா, இத இங்கன பிடிங்க” என்றாள். அவர் என்னைத்தான் பார்த்தார். “பிடிங்கண்ணே” என்றேன். இந்தத் தடவை வாயைத் திறந்து சொன்னேன். வாங்கினார். மெழுகு வழிந்து விரலெல்லாம் சுட்டிருக்கிறது, பூசை முடிகிறவரை கீழே வைக்கவில்லை.

உங்கள் கடிதம் 17ஆம் தேதி அவருக்கு வந்தது. ஐந்து நாள் பிந்தி. எழுதினீர்களே என்று எனக்கு அழுகை வந்தது, நேரத்துக்கு எழுதவில்லையே என்று ஆத்திரமும் வந்தது. அவர் பிரிக்கவில்லை. கிழித்தும் போடவில்லை. வண்டியில் கண்ணாடிக்கு மேலே செருகி வைத்திருக்கிறார். “இருக்கட்டும் ஆத்தா, படிக்கிறப்ப படிப்பேன்” என்கிறார். தினமும் அதோடுதான் கம்பத்துக்கும் தேனிக்கும் லோடு அடிக்கிறார்.

கையெழுத்துப் போட்டாயா என்று கேட்டிருந்தீர்கள். பேப்பர் என் மேசையில்தான் இருக்கிறது. அதன் மேல் சீட்டு ஒன்று கட்டியிருக்கிறேன். ஆகவில்லை.

பெனிஷாவின் அம்மா