டீலர் அடிக்காத அடி

அண்ணே,

நேற்று என் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த பலகையைப் பிடுங்கினேன். குழாய் ஒழுகிப் பிளைவுட் ஊறிப்போயிருந்தது. விரல் வைத்தால் உள்ளே போனது. அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் ஸ்பானரைப் போட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் பழைய கேரவனின் வாசம் அது. வாயில் ரத்தம் கரிப்பதுபோல் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. எனக்குச் சுற்றிவளைத்துப் பேச வராது. அண்ணி இன்னமும் லவாலில் கேரவன் விற்கும் டீலர்தான் உங்களை அடித்தான் என்று நம்புகிறார். அந்த அடியில்தான் உங்கள் நெஞ்சு பழுதானது என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்கிறார். அடித்தது நான். அந்த டீலரை விட்டால் இப்போது அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உங்கள் வீட்டுப் பின்னறையில் நான் வாடகைக்கு இருந்த காலம். நான் மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளினீர்கள். ஆகஸ்டில் நகரத்துக்கு வெளியே மாதா கோயில் வளவில் தமிழ்க் குடும்பங்கள் போய் இரண்டு மூன்று நாள் தங்கும். மடு மாதா திருவிழாவில் கூடாரம் போட்டுக் கிடந்து வளர்ந்த மன்னார்க்காரர் நீங்கள். அதற்காகவே, வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே படுக்கும் அந்தக் கேரவனை வாங்கினீர்கள். மற்றவர்கள் கூடாரக் கயிற்றில் மாதா கொடி கட்டினால், உங்களுக்கு அது கூரைக்கு மேலே நிற்கவேண்டும். கூரையில் நான்கு துளை போட்டு இரும்புக் குழாயை முடுக்கினீர்கள். சுற்றிச் சிலிக்கோன் பசை பூசவில்லை.

"அண்ணே, தண்ணி இறங்கும்" என்றேன்.

"மாதான்ரை கொடியடா. அவ பாத்துக்கொள்ளுவா."

மாதா பார்க்கவில்லை. இரண்டு பனிக்காலம் உருகி உள்ளே இறங்கியது. சுவரில் கறை படர்ந்தபோது அதன்மேலேயே பெரிய மாதா படம் ஒன்றை ஒட்டினீர்கள். மறைக்க இல்லை, காவலுக்கு என்றீர்கள்.

பிறகு அண்ணிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. உயரப் படி ஏற முடியாது, வளவுக் கழிப்பறைவரை நடக்க முடியாது. லவாலில் ஒரு டீலரிடம் கைமாறி வந்த கேரவன் ஒன்று இருந்தது. படி தாழ்வு, உள்ளேயே கழிப்பறை. பழையதைக் கொடுத்து அதை எடுத்தால்தான் அண்ணி அந்த ஆகஸ்டில் திருவிழாவுக்குப் போக முடியும். ஜூன் மாதச் சனிக்கிழமை ஒன்றில் உங்கள் வான் வண்டிக்குப் பின்னால் பழையதை இழுத்துக்கொண்டு போனோம்.

"நான் கதைக்கிறன். நீ வாயைத் திறக்காதை" என்றீர்கள் வழியில்.

அழகாகத்தான் கதைத்தீர்கள். தடித்த கைகள் உள்ள அந்த ஆள் நம் கேரவனை வெளியே ஒரு சுற்றுச் சுற்றி, டயரை உதைத்துவிட்டு, ஒரு விலை சொன்னான். ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டிக்குச் செய்வதுபோல, சிரித்துவிட்டு வானை நோக்கி நடந்தீர்கள். "மிஸ்யூ!" என்று பிரெஞ்சில் கூப்பிட்டான். திரும்பிப் போய் மறுபடியும் நடந்தீர்கள். மறுபடியும் "மிஸ்யூ!"

"மூண்டாந்தரமும் கூப்பிடுவான், இருந்து பார்" என்று என் காதில் சொன்னீர்கள். கூப்பிட்டான். கை குலுக்கினான். பேப்பர் எடுக்க ஆபீசுக்குள் போனான்.

"இந்தமுறை அவள்தான் கொடி ஏத்துவாள்" என்றீர்கள். உங்கள் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை.

எனக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை. லேபிலிருந்து ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். அவனுடைய கேரவனுக்குள் போய் மூலை மூலையாக வைத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் முள் லேசாக ஏறியது. அவன் பேப்பருடன் வந்ததும் நீட்டிக் காட்டினேன். இங்கே ஈரம், விலையை இன்னும் குறை என்றேன். பெரிய கண்டுபிடிப்பு செய்தவன் மாதிரி.

அவன் கழுத்து சிவந்தது. "நல்ல மிஷின். குடு இங்கே. இப்போது உங்களுடையதைப் பார்ப்போம்."

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

நம் கேரவனுக்குள் ஏறி மாதா படத்தின்மேல் வைத்ததும் மீட்டர் கத்தியது. அவன் இடுப்பிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி, மாதாவின் தோளுக்குப் பக்கத்தில் குத்தினான். பிடிவரை உள்ளே போனது. அதை நெம்பிப் பலகையைப் படத்தோடு கிழித்தான். கறுத்த சேறு கொட்டிற்று.

"அழுகலுக்கு மேலே சாமி படம். கெட்டிக்காரர்கள்" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் பேப்பரை நாலாகக் கிழித்தான்.

அவனை அடிப்பீர்கள் என்று நினைத்தேன். என்னை அடித்தீர்கள்.

முதல் குத்திலேயே பல் போயிற்று. கேரவன் படியிலிருந்து சரளைக்கல்லில் விழுந்தேன். மேலே விழுந்து, "வாயைத் திறக்காதை எண்டு சொன்னனானே, சொன்னனானே" என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அடி அடித்தீர்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். தப்பு என்னுடையது என்று அப்போதே தெரியும். ஆனாலும் முழு பலத்தோடு உங்கள் நெஞ்சில் குத்தினேன். இடதுபக்கம், இரண்டு தரம். இரண்டாவது குத்தில் உள்ளே ஏதோ மடங்கியதைக் கை உணர்ந்தது. நீங்கள் சாய்ந்து இழுவைக் கம்பியில் முதுகு அடிபட விழுந்தீர்கள். எழுந்து மறுபடியும் வந்தீர்கள். வண்டி கழுவும் குழாயைத் திறந்து அந்த ஆள் நம் இரண்டு பேர் மேலும் பீய்ச்சி அடித்தான், நாய்களைப் பிரிப்பதுபோல. அப்போதுதான் விட்டோம்.

ஒரே வானில்தான் திரும்ப வேண்டியிருந்தது. பாலத்தில் ஏறினோம்.

"பல்லு எத்தினை?" என்றீர்கள்.

"ஒண்ணுதான்."

"வானுக்குள்ளை துப்பாதை." பாலம் இறங்கியதும், "அவளுக்கு என்ன சொல்லுறது?"

"டீலர் அடிச்சான்னு சொல்லிடுவோம்."

"ஓம். ஆள் பெரிசு. நம்புவாள்."

பொய் என்னுடையது, அண்ணே. நீங்கள் ஒத்துக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

அண்ணி கைத்தடியோடு கதவைத் திறந்து, "ஐயோ மாதாவே, ஆர் அடிச்சது?" என்று அலறினார். இரண்டு பேரும் ஒரே குரலில் "டீலர்" என்றோம். "அவன்ரை கை முறிய!" என்று மூன்று தரம் சபித்தார். உறைந்த பட்டாணிப் பையை உங்கள் நெஞ்சில் வைத்துவிட்டுப் போலீசுக்குப் போன் பண்ணக் கிளம்பியவரைத் தடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு வாரம் உங்களுக்குச் சிரித்தால் வலித்தது. அண்ணி அந்தப் பக்கம் போனதும், "கள்ளன், இடதுபக்கமாப் பாத்துக் குத்தியிருக்கிறாய்" என்று சிரித்துச் சிரித்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டீர்கள். அத்தோடு நம் சண்டை முடிந்தது.

அந்த ஆகஸ்டில் அண்ணி கோயிலுக்குப் போகவில்லை. ஜனவரியில் நீங்கள் ஆஸ்பத்திரி நடையிலேயே, ஸ்ட்ரெச்சரின் பிடியை விடாமல் விழுந்தீர்கள். ரத்தக்குழாய் அடைப்பு என்றார் டாக்டர். பல வருடமாகச் சேர்ந்தது என்றார். ஏழு மாதத்துக்கு முன் விழுந்த குத்து குழாயை அடைக்காது. நான் படித்தவன், எனக்குத் தெரியும். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பாவி குத்தின குத்து, தம்பி" என்றபோது, அவர் பிடித்திருந்தது எந்தக் கை என்பதும் தெரியும்.

போன ஞாயிறு அண்ணி சொன்னார்: "தம்பி, என்னை ஒருக்கா லவாலுக்குக் கூட்டிக்கொண்டு போ. நான் அவனை ஒண்டும் செய்யமாட்டன். முகத்தைப் பாத்து, ஏன் அடிச்சனீ எண்டு கேக்கவேணும்." சரி, சனிக்கிழமை போகலாம் என்று சொல்லிவிட்டேன். அங்கே போனால் அவனே என்னைக் காட்டிவிடுவான். என் வேலை மிச்சம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

வேண்டாம். வானை எடுப்பதற்கு முன்னாலேயே, அவருடைய சமையலறையில் நின்று சொல்லிவிடப் போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். கைத்தடியை ஓங்கினால் ஓங்கட்டும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாங்கிக்கொள்வேன். உங்கள் விலா மடங்கியது இன்னும் இந்தக் கைமுட்டிக்குள்தான் இருக்கிறது.